தர்க்கத்தில் தோற்காத வள்ளி

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த அக்கா ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் வேஷம் கட்டுவார். 1999இல் மதுரை மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் வருவதற்கு முந்தைய காலம் அது. பங்குனியில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் ஆடி வரை பல ராத்திரி அக்கா வீடு பூட்டியே கிடக்கும்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தேதி கொடுத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதோ ஒரு ஊர்ப் பொட்டலில் ஒன்றுகூடி, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடத்துவார்கள். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது முடிகிறது. ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மனப்பாடத்துக்குள் அடங்காது. எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அந்தப் பக்கம் போய் மடக்க வேண்டும். புராணமும் தெரிய வேண்டும், குரலும் வேண்டும்.

அந்த வள்ளியாக வேண்டும், பிறகு சினிமாவுக்குப் போக வேண்டும் என்பதே அக்காவின் ஆசை. அது வீண் ஆசை இல்லை. சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியபோது அங்கே பெண் வேஷமும் சிறுவர்களுக்குத்தான். ஆனால் நாடக மேடையிலிருந்து போன டி.பி.ராஜலட்சுமி 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியானார். 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது அக்காவின் குரலே மாறிவிடும்.

அக்கா வள்ளியானார். பேர்பெற்ற நாரதர்களைத் திணறடித்தார். ஆனால் சென்னைக்குப் போனபோது கூட்டத்தோடு ஆட மட்டுமே கூப்பிட்டார்கள். பின்னணிப் பாட்டு வந்தபின் பாடத் தெரிந்த நடிகையைத் தேட வேண்டிய அவசியம் சினிமாவுக்கு இல்லை. அக்கா காலத்தில் அந்தப் பாதை எப்போதோ அடைபட்டிருந்தது.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். விடியலில் வேஷம் கலைத்துத் தெருவுக்குள் வரும்போது விழுந்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. நாடகக்காரி என்று தெரிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது என்னிடம் சொன்னார்: “தம்பி, நாரதருக்கு எங்கிட்ட பதில் இருக்கு. வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்ல?” அதன்பிறகு தன் மகளுக்கு ஒரு பாட்டுகூடச் சொல்லித்தரவில்லை.

இன்று திருவிழாக் காலத்தில் மாட்டுத்தாவணியில் அதிகாலைப் பேருந்திலிருந்து பெட்டியோடு இறங்கும் இளம் நடிகைகளைப் பார்க்கிறேன். அக்காவாவது ஆடிய ஊரைத் தாண்டிவிட்டால் யாரோ ஒருத்தியாக நடந்து போகலாம். இந்தப் பெண்கள் பபூனோடு ஆடிய ஆட்டம், அவர்கள் வீடு போய்ச் சேருமுன் பலருடைய செல்போனுக்குப் போய்விடுகிறது, வீட்டுக்காரர் செல்போனுக்கும்தான். விடிய விடிய நடந்த தர்க்கத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

இது நம் மரபுக் கலை என்று இப்போது மேடைதோறும் பேசுகிறோம். சுவாமிகளின் குருபூசைக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். அவர் பாட்டை ஊர் ஊராகச் சுமந்து போகிற பெண்ணுக்கு, என்ன தொழில் என்று கேட்டபிறகும் முகம் மாறாமல் வீட்டுச் சாவியைக் கொடுத்தால், அந்த மரியாதை சுவாமிகளுக்கும் போய்ச் சேரும்.