அண்ணாச்சி பதில்கள்: பட்டுச்சேலையில் டிஸ்கோ

டிஸ்கோ பாடின தமிழச்சி யாராவது உண்டா அண்ணாச்சி?
_வாசகி, அம்பாசமுத்திரம்_

உஷா உதுப் இருக்காங்களே தாயீ! 1947-ல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா போலீஸ் அதிகாரி. கட்டைக்குரல் என்பதால் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. 1969-ல் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு கிளப்பில் மைக் பிடித்தார். கிளப் பாடகி என்றால் மினுமினுக்கும் கவுன்தான் என்றிருந்த காலம். இவர் வந்து நின்றதோ காஞ்சிப் பட்டும் தலை நிறையப் பூவுமாக. அடுத்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் 'டிரிங்காஸ்'. சேலை மாறவே இல்லை. பொட்டு மட்டும் வளர்ந்தது, அதில் வங்காள எழுத்தில் 'க' ஏறிக்கொண்டது.

அமெரிக்காவில் டிஸ்கோ செத்த பிறகுதான் இங்கே வந்ததாமே?
_வாசகர், பாளையங்கோட்டை_

நிசந்தான். 1979 ஜூலை 12-ல் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரிக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். 1980-ல் இங்கே 'குர்பானி' இந்திப் படம் வந்தது, 1981-ல் உஷாவின் 'ரம்பா ஹோ' பாட்டு, 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்' படம். அங்கே கருமாதிச் சாப்பாடு முடியுமுன்னே இங்கே பந்தக்கால் நட்டாச்சு.

உஷாவின் 'ஹரி ஓம் ஹரி' சுட்ட மெட்டுதானே?
_வாசகர், சேரன்மகாதேவி_

ஆமாவே. எரப்ஷன் குழு பாடின 'ஒன் வே டிக்கெட்'. அதுவும் அவங்க சொத்து இல்லை, 1959-லேயே நீல் செடாகா பாடியாச்சு. பேருதான் ஒருவழி டிக்கெட்டு, மெட்டு உலகமெல்லாம் சுத்திட்டு வந்துட்டு.

பாடினால் மட்டும் போதுமா? பாட்டை எழுதவும் வேண்டாமா?
_கல்லூரி மாணவி, கல்லிடைக்குறிச்சி_

இந்த வாரத்தின் நல்ல கேள்வி உன்னுடையது. டோனா சம்மரை 'டிஸ்கோ ராணி' என்று எல்லாரும் சொன்னார்கள், அவர் எழுதுவார் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. பாஸ்டனில் பிறந்து, நாடகத்தில் நடிக்க ஜெர்மனி போய், மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரைச் சந்தித்தவர். 1977-ல் வந்த 'ஐ ஃபீல் லவ்' கிட்டத்தட்ட முழுக்க சிந்தசைசர் சத்தம். அதை எழுதிய மூவரில் இவரும் ஒருவர். 1983-ல் கிராமி விருந்து நடந்த இடத்தில் கழிப்பறைக்குப் போனார். அங்கே வேலை பார்த்த பெண் அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கூலிக்கு மாடாய் உழைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றியே 'ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மணி' பிறந்தது. வெளியே கோட்டு சூட்டும் கேமராவுமாக அத்தனை கூட்டம் இருந்திருக்கும். இவர் கண்ணில் பட்டது யார் பாரு!

கிளப் பாட்டு கலாசாரத்தைக் கெடுக்கிறதே?
_ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்_

இதையேதான் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தியும் சொன்னார் சார். சீரழிந்த கலாசாரம் என்று உஷாவை அரசு அரங்கில் பாடவிடாமல் தடுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். கலாசாரம் இன்னும் இருக்கிறது. அமைச்சர் பெயரை நான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

உஷா தமிழில் பாடினாரா?
_வாசகர், பாபநாசம்_

1975 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் மேடையேறி ஆங்கிலப் பாட்டு. 1990 'அஞ்சலி'யில் இளையராஜா இசையில் 'வேகம் வேகம்'. தமிழ் சினிமா இவரை விருந்தாளியாகவே வைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டிஸ்கோ தாளம் அப்படி என்ன பெரிய வித்தை?
_மகுடம் வாசிப்பவர், முக்கூடல்_

உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. நாலு எண்ணிக்கை, நாலுக்கும் பெரிய டிரம்மில் அடி, நிமிஷத்துக்குச் சுமார் 120. கணியான் கூத்தில் நீங்க அடிக்கிற அடிக்கு சுடலைமாடனே இறங்கி வாறார். டிஸ்கோவுக்கு ஆள்கள்தான் இறங்குவாங்க.

நம்ம பக்கம் விடிய விடிய மேடையை ஆண்ட பெண்?
_வாசகி, திருநெல்வேலி டவுன்_

குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி. சின்ன வயசிலேயே வில்லடிக்க வந்தவர். கோயில் கொடை மேடையில் வீசுகோலைச் சுழற்றி, கதை சொல்லி, பாடி, ராமுழுக்க ஜனத்தைக் கட்டிப்போட்டவர். 2018-ல் காலமானார், கடைசிக் காலமெல்லாம் வறுமை. அமெரிக்கக்காரன் டோனாவுக்குச் செத்த மறுவருஷமாவது ராக் அண்ட் ரோல் மண்டபத்தில் இடம் கொடுத்தான்.

என் மகள் பாட்டெழுதி டிஸ்கோ பாடப்போறாளாம். என்ன செய்ய?
_தாய், வண்ணார்பேட்டை_

பாட விடுங்க. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லுங்க. 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்கு எழுதினாலும் தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கிற ராயல்டியில் எழுதினவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. அக்கம்பக்கம் ஏதாவது பேசினால், உஷாவுக்கு 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் என்று சொல்லிப் பாருங்க. அதுக்கும் அடங்கலைன்னா ஸ்பீக்கரை அவங்க ஜன்னல் பக்கம் திருப்பி வைங்க.