ஒரிஜினல் சார்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பழவேற்காட்டுப் பாலத்தருகே ஒரு கார் வந்து நிற்கும். கூலிங் கிளாஸ், அரைக்கால் சட்டை, கழுத்தில் கேமரா சகிதம் அதிலிருந்து இறங்குகிறவர்தான் ஒரிஜினல் சார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் விழுகிற முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் வைத்த பெயர் இது.

"சென்னையில எதுவுமே ஒரிஜினல் இல்ல. மீனுன்னா, பிடிக்கிற இடத்துக்கே வந்து சாப்பிடணும்" என்பது அவருடைய கொள்கை. அதற்காகத்தான் அறுபது கிலோமீட்டர் பயணம். வழியில் பசி தாங்காமல் பொன்னேரியில் நாலு இட்லி உள்ளே போனது கொள்கையில் சேராது.

கரையில் நின்று மனைவிக்கு ஒரு சொற்பொழிவு. "சிலிக்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஆரணி ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குது பாரு, அதான் இறாலுக்கு அந்த ருசி!" தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்மாளையும் பார்த்து, "என்னம்மா, சரிதானே?" என்றார். ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியிருந்ததால் அந்தம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. சார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து, படகோரம் உட்கார்ந்திருந்த பெரியவர்.

"கண்ணு முன்னாடி வலை போட்டு ஒரு கிலோ இறால் பிடிச்சுக் கொடுங்களேன்."

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார்."

"என்னங்க பாடு? எல்லாருக்கும்தான் பாடு! நான் படாத பாடா?"

எந்த நாளில் யார், ஏரியின் எந்த இடத்தில் சுற்றுவலை கட்டலாம் என்று குப்பத்தார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர்தான் பாடு என்று பெரியவர் விளக்கினார். சார் பாதியிலேயே பூநாரையைப் படமெடுக்கத் திரும்பிவிட்டார்.

மெஸ்ஸில் நுழைந்ததும் நண்டு விசாரணை. "பெரிய நண்டு இல்லையா? ஏரிக்கரையிலேயே இல்லேன்னா எப்படிக்கா?"

"பெருசெல்லாம் சிங்கப்பூருக்குப் போயிடும் சார், உயிரோட."

கொடுக்கோடு சேர்த்துக் கால்கட்டுப் போட்ட பிறகும் வெளிநாடு போகும் பாக்கியம் நண்டுக்கு மட்டும்தான். தனக்கு அது வாய்க்கவில்லையே என்பதுபோல் சார் மனைவியைப் பார்த்தார்.

"சரி, 1613-லேயே டச்சுக்காரங்க இங்க ஜெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க. அவங்க காலத்துச் சமையல் ஏதாச்சும் உண்டா? ஒரிஜினலா?"

"அவங்கல்லாம் கல்லறையிலதான் இருக்காங்க. போய்க் கேட்டுப் பாருங்க சார்."

டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பது சாருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேச்சு சட்டென்று முள்ளுக்குத் தாவியது. "முள்ளில்லாத மீனா கொடுங்கக்கா. வஞ்சிரம் இருக்கா?"

"இருக்கு சார். காலையிலதான் காசிமேட்டுலருந்து வந்துச்சு."

சாரும் வஞ்சிரமும் ஒரே காலையில் சென்னையிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். வஞ்சிரம் ஐஸ் பெட்டியில், சார் ஏசியில். சாருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. வறுத்த துண்டை நாலு கோணத்தில் படமெடுத்து, ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடினார். "இதுதான் ஒரிஜினல்!"

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. புளியும் மிளகாயும் கொதித்து அடங்கி, மாங்காய்த் துண்டோடு மண்சட்டியில் இறங்கிய குழம்பின் வாசனை. சாரின் மூக்கு தானாக நிமிர்ந்தது.

"அது என்னக்கா?"

"மடவைக் குழம்பு சார். விடியக்காலையில நம்ம ஏரியில பிடிச்சது. வீட்டுக்குன்னு வெச்சேன். கொஞ்சம் ஊத்தட்டுமா?"

சார் இலையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"முள் இருக்குமா?"

"மீனாச்சே சார்."

"அப்ப வேணாம்."

காசு கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர், ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. வஞ்சிரத்துக்கு மசாலா கொஞ்சம் கம்மி பண்ணுங்க. அப்பதான் இந்த ஏரியோட ஒரிஜினல் ருசி தெரியும்."