நெடுநடையும் அயலார் உதவியும்: ‘ஏறுங்க அண்ணாச்சி’ என்னும் சிக்கலை முன்வைத்து ஒரு பன்முக நோக்கு

தமிழில் ஊறுகாயை ஆராய்ந்தாலும் தொல்காப்பியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அதற்குத் தொல்காப்பியரைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கும். நல்லவேளையாக இப்பொருளில் அவரே முன்வந்து நிற்கிறார். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பெறாமல் வாடும் இன்னொருவனை வழியில் கண்டு, இன்னாரிடம் போ என்று ஆற்றுப்படுத்துவதைப் புறத்திணையியல் சொல்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. வழிப்போக்கனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி வேறு உண்டா என்று கேட்க ஆசைதான். மற்ற மொழிகளைப் படிக்காமலே அப்படிக் கேட்பது நம் துறையின் வழக்கம் என்றாலும், இடமின்மை கருதி இங்கே தவிர்க்கப்படுகிறது.

மலைபடுகடாம் 583 அடி. நன்னனைக் காணப் போகிறவனுக்கு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்பு எங்கே கிடக்கும், இரவு எந்தக் குடியிருப்பில் என்ன சோறு கிடைக்கும் என்பது வரை அதில் உண்டு. இன்றைய ஆற்றுப்படையின் முழுப் பாடம் வருமாறு: ‘நேராப் போங்க, அங்க போய்க் கேளுங்க.’ இதில் ‘அங்க’ என்பது எது என்று அங்கே போனவர்க்கே விளங்கும் (சாத்தூர் சேவைச் சாலைப் பெஞ்சு, வாய்மொழி).

ஆய்வு எல்லை: கன்னியாகுமரி முதல் ஸ்ரீநகர் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் சுமார் 3,700 கிலோமீட்டர். கடைப்பலகைகள் சிலவற்றில் இதற்கு ‘என்.எச். 7’ என்ற பாடபேதம் காணப்படுகிறது. அது பழைய எண். தமிழ்நாட்டில் மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். பிறகு கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், டெல்லி, ஹரியானா, பஞ்சாப், ஜம்மு காஷ்மீர். ராஜஸ்தான் தோல்பூரில் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போகும். அதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஆய்வு முறை: கட்டுரையாளர் நடக்கவில்லை. நடந்தால் கால் வலிக்கும். வலித்தால் பொருளின்மேல் விருப்பு வெறுப்பு தோன்றும். தோன்றினால் ஆய்வின் நடுநிலை கெடும். துறையின் மூத்தோர் பலர் இக்காரணத்தாலேயே தம் ஆய்வுப் பொருளை அண்டாமல் ஓய்வுபெற்றார்கள்.

முன்னோடிகள். 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் முதல் நிலக்கொடை பெற்ற வினோபா பாவே, அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்தார். அவர் கேட்ட உதவி நிலம். சாதாரண நடையர் மோர் கேட்கவே கூச்சப்படுவதை நோக்க, இது எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் 1983 ஜனவரியில் கன்னியாகுமரியில் கிளம்பி ஜூனில் டெல்லி ராஜ்காட் சேர்ந்தார். நெடுநடையர் கோடையைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதுவோர் கவனிக்க: அவருடைய கோடை முழுவதும் நடுவழியில். சதீஷ் குமார் 1962இல் ஒரு நண்பருடன் டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கிக் கையில் காசில்லாமல் புறப்பட்டார். காசில்லாமல் போகச் சொன்னவர் வினோபா. பாகிஸ்தான் எல்லையில் நண்பர்கள் கொடுத்த உணவுப் பொட்டலங்களைக்கூட, அவை அந்நாட்டு மக்கள்மீது அவநம்பிக்கைப் பொட்டலங்கள் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: பையின் கனமும் பிறர் சோறும் தலைகீழ் விகிதத்தில் அமையும். இரண்டு லிட்டர் தண்ணீரும் பிஸ்கட்டும் மின்சேமிப்பானுமாக நடப்பவனைப் பார்த்து எவரும் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதில்லை. ‘சாப்பிட்டீங்களா’ என்பது வினாவன்று, ஏவல் என்க. ‘டீ சாப்பிடுங்க’ என்றதனால் வடையும் கொள்க.

காலணி: பழகியது. மொழி: ஆதிலாபாத் வரை ‘அண்ணா’ செல்லும், நாக்பூரில் ‘பாவு’, அதற்கு மேல் ‘பையா’, பஞ்சாபில் ‘பாஜி’. உறவுமுறை வைத்து அழைத்தபின் எவரும் வெறும் முகவரியோடு அனுப்புவதில்லை.

தூரம் பற்றி. தருமபுரி வட்டாரத்தில், இதே சாலைக்குப் பக்கத்தில், அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் கிடைத்திருக்கிறது. நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டிவிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கீழே பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் குடைந்திருக்கிறார்கள். இருட்டில் வந்தவன்கூட விரலால் தடவித் தூரம் அறியலாம். காதம் என்பது எத்தனை கிலோமீட்டர் என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. குழி வெட்டிய கல்தச்சன் யாரையும் குழப்பவில்லை. குழப்பம் கல்வெட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்தபின் தொடங்கிற்று. இக்காலத்தில் தூரத்தைச் சொல்வோர் பைக்கில் போன தூரத்தையே சொல்கிறார்கள் என்பதால் ‘பக்கந்தான்’ என்பதை ஒன்றரை மணி நேரம் என்றும், ‘கொஞ்சம் போகணும்’ என்பதை ராத்தங்கல் என்றும் கொள்க (மேற்படி பெஞ்சு, இடது ஓரம், காலை அமர்வு).

இனி, மையச் சிக்கல். நெடுநடையர்க்குப் பகை வெயில், நாய், லாரி என்பர். அது நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கருத்து. உண்மையான பகை அன்பு. அது இரு சக்கரத்தில் வரும். பக்கத்தில் வந்ததும் வேகம் குறையும். இடது கால் தரையில் ஊன்றும்.

‘எங்கண்ணாச்சி போகணும்?’

‘காஷ்மீர்.’

சற்று மௌனம். ‘நான் விருதுநகர் வரைக்குந்தான் போறேன். ஏறுங்க அண்ணாச்சி.’

இதை மறுப்பது எளிதன்று. உதவியை ஏற்றால் நடை போயிற்று, மறுத்தால் உதவியவர் மனம் போயிற்று. மறுப்பு வகைகளை ஆராய்வோம்.

முதலாவது, வேண்டுதல் மறுப்பு. ‘நடந்து வர்றதா வேண்டுதல்’ என்றால் வண்டி உடனே நகரும். சில வேளை பத்து ரூபாய் உண்டியலுக்கென்று கைக்கு வரும். இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. ஐப்பசிக் கடைசியில் குமரியை விட்டவன் கார்த்திகையில் மதுரை சேர்வான். தாடியும் தோளில் பையும் உடையவன் கார்த்திகையில் ‘சாமி’யே. அன்னதானப் பந்தலில் அவனுக்கும் இலை விழும். தாமதமாகக் கிளம்பித் தை மாதம் திண்டுக்கல்லில் நடந்தால் பழனி பாதயாத்திரைக் கணக்கில் சேர்க்கப்பட்டு, எதிர்த் திசையில் போகிறான் என்று அக்கறையோடு திருப்பி விடப்படுவான். காஷ்மீருக்குப் போகிறவன் பழனிப் புளியோதரையை உண்ணலாமா என்ற வினாவுக்கு விடை, பரிமாறியவர் கேட்காத கேள்விக்கு உண்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே (மேற்படி பெஞ்சு, திருத்திய பதிப்பு. முதற்பதிப்பின் நான்காம் கால் உடைந்தமையால் செங்கல் அடுக்கி மறுபதிப்புச் செய்யப்பட்டுள்ளது. முதற்பதிப்பில் அமர்ந்து கருத்துரைத்தோர் கிழக்கே சாய்ந்திருந்தமையால் அவர்தம் கருத்துகளிலும் சாய்வு உண்டு. இச்சாய்வைக் கழிக்காமல் முடிவுரைத்தோரைப் பெயர் சொல்லிக் கண்டிக்க இடம் போதாது. அவர்களில் இருவர் தேர்வாளர் குழுவிலும் இருப்பர்.)

இரண்டாவது, மருத்துவ மறுப்பு: ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.’ ஒரு டோல்கேட்டுக்கு மேல் தாங்காது.

மூன்றாவது, உண்மை. ‘சும்மாதான் நடக்கிறேன்.’ இதைப் போல் விபரீதம் வேறில்லை. வீட்டில் சண்டையா, கடனா, பெண் விவகாரமா என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் இல்லை என்றால் சந்தேகம் உறுதியாகும். ஒன்று, காவல் நிலையம். அல்லது ‘எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க.’ அந்த அம்மா திண்ணையில் உட்கார வைத்து, எதுவும் கேட்காமல் சோறு போட்டு, மோர் ஊற்றும்போதுதான் ‘வீட்ல சொல்லிட்டுத்தான வந்தீக?’ என்பார். இவ்வகையில் கிடைக்கும் சாப்பாட்டுக்கு ஈடில்லை. மூன்று மணி நேரம் போய்விடும். அன்றைய கணக்கு 22 கிலோமீட்டரிலிருந்து ஒன்பதாகக் குறையும். ஐந்தாறு மாதத் திட்டம் ஓராண்டாக நீள்வது இப்படித்தான்.

நான்காவது, சமரசம். ‘சரி, நீங்க நடங்க, பையை மட்டும் கொடுங்க. அடுத்த டோல்கேட்ல வச்சிட்டுப் போறேன்.’ இங்கே தத்துவம் நுழைகிறது. பையில் ஆதார் அட்டை இருக்கிறது. அரசு ஏடுகளின்படி ஆள் என்பது அட்டையே ஆதலின், அவன் பைக்கில் போய்விட்டான். சாலையில் நடந்து வருவது அவனுடைய உடம்பு மட்டும். நடையர் நடந்தாரா இல்லையா என்பதில் பைக்கட்சி, உடற்கட்சி என இரு கட்சி உண்டு. இரண்டுமே அன்று இரவு விடுதியில் அறை எடுக்க முயன்றதில்லை.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில், 14 மாநிலம், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்திருக்கிறார்கள். வழியில் குளிர்பானமும் பழமும் வைத்துவிட்டுப் போகும் அயலாரை அங்கே தடத்துத் தேவதைகள் என்பர். அவர்கள் காரில் ஏறி ஊருக்குப் போய், குளித்து, தின்று வரலாம். விட்ட இடத்திலேயே திரும்ப இறங்கி நடந்தால் நடைக்குப் பழுதில்லை. நம் சாலைக்கு இது பொருந்தாது. சாத்தூரில் ஏற்றிக்கொண்டவர் ஊருக்குக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, மறுநாள் காலை சாத்தூரில் திரும்ப விடமாட்டார். மதுரையில் தம் மச்சான் வீட்டில்தான் விடுவார். அதுவும் பாதி வழி மிச்சம் பண்ணிக் கொடுத்த மகிழ்ச்சியோடு.

தங்குமிடம்: கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க், தாபாவின் கயிற்றுக் கட்டில். பஞ்சாபுக்குள் நுழைந்தபின் இவ்வியலே தேவையில்லை. குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். எதற்கு நடக்கிறாய் என்ற கேள்வி தட்டோடு வராது. ஆய்வாளர்களுக்கும் உண்டு.

திட்டமிடல் பற்றி இக்கட்டுரை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பதைத் தேர்வாளர்கள் கவனித்திருக்கக்கூடும். யார் உதவுவார், எங்கே உதவுவார் என்பதை அட்டவணையில் போட முடியாது. போட முடிந்தது கிளம்பும் நாளும் பையின் கனமும் மட்டும். மற்றதை மறித்துக் கேட்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே நாற்கரச் சாலையோரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயிலில் பையும் தாடியுமாக வடக்கே நடக்கும் ஒருவரைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், ஏறச் சொல்லாதீர்கள். ஒரு சொம்பு மோர் கொடுங்கள். காரணம் கேட்டே தீர வேண்டுமென்றால், அவர் குடித்து முடித்தபின் கேளுங்கள்.