விலாசம் தேடும் ரவுட்டர்காரர்

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ வட்டாரத் தோட்டங்களில் தலைவர், கணக்கப்பிள்ளை, பூசாரி ஆகியோருக்கு அடுத்தபடியாக அண்மைக் காலத்தில் மதிப்புப் பெற்றுவருபவர் ரவுட்டர்காரர் ஆவார். கொழும்புக் கடையொன்றில் வேலைபார்த்து, தீபாவளிக்கு ஊர் வந்து அப்படியே தங்கிவிட்ட இவரை, கைப்பேசி மழையில் நனைந்தாலும் டிஷ் காற்றில் திரும்பினாலும் லயத்தார் தேடிச் செல்வர். இவரும் பொருளைக் கையில் வாங்குவதற்கு முன்பே "செட்டிங் மாறிப்போச்சு" என்று நோயை அறிவித்துவிடுவார்.

இவருடைய வாழ்நாள் இலட்சியம், ஹட்டன் தேநீர்க் கடையில் அமர்ந்தவாறே, தம் காம்பராவுக்குப் பின்னாலுள்ள லீக்ஸ் பாத்தியில் காட்டுப்பன்றி இறங்குகிறதா என்பதைக் கமரா வழியே நாலு பேருக்குக் காட்டுவதாகும். இதற்குத் தடை, ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளங்காட்டும் எண், நிலையாக இல்லாமையே. பருவமழையில் மரம் முறிந்து மின்சாரம் போய் ரவுட்டர் மீண்டும் உயிர்பெறும்போது இணைய நிறுவனம் வேறோர் எண்ணை வழங்கிவிடக்கூடும். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பதிவேடாகும். எண் மாறுந்தோறும் ரவுட்டரே அப்பதிவைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு டைனமிக் டிஎன்எஸ் எனப்படும்.

ரவுட்டரின் பக்கத்தில் சேவையையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுவது பத்து நிமிட வேலை. பெயர் சூட்டும் சடங்குதான் ஒரு வாரம் நீள்கிறது. முருகன் பெயரை உலகில் எவரோ முன்பே எடுத்துவிட, மனைவியின் பெயருக்கு அம்மாவும் அம்மாவின் பெயருக்கு மனைவியும் முகங்கோண, இறுதியில் முருகனே நான்கு இலக்கங்களோடு எழுந்தருள்வார்.

பெயர் சரியாகப் பதிந்த பின்னும் கமரா திறப்பதில்லை. காரணம், 32 பிட் நீளமுள்ள பழைய ஐபி முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தமையால், நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னால் அடக்கி, உள்ளே 100.64 முதல் 100.127 வரையானவற்றில் தொடங்கும் எண்களை வழங்குவதுண்டு. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசமின்றி, கடிதங்களெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து பிரிக்கப்படும் வழக்கத்தில் வளர்ந்தவராதலால், ரவுட்டர்காரருக்கு இது கணத்தில் விளங்கிவிடுகிறது. அங்கேயாவது பெயர் பார்த்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். இங்கே அழையாமல் வந்த தகவல் எந்த வீட்டுக்குரியது என்பதே எவருக்கும் தெரியாமையால், அது வாசலிலேயே தள்ளப்படுகிறது.

இத்தோல்வி அவருடைய மதிப்பைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. மறுநாள் முதல் லயம் லயமாகச் சென்று, "நூறுல தொடங்குதா? அப்ப சரிவராது மாமா" என்று தீர்ப்பளிக்கும் அவர், கட்டணம் செலுத்திப் பொது முகவரி பெறும் யோசனையைப் பிறருக்கு மட்டும் வழங்குகிறார். பள்ளிக்கூடம் போகும் மருமகன் கமராவின் செயலியை இறக்கி, கியூஆர் குறியைப் பிடித்து, பன்றியைத் திரையில் காட்டியபோது, அது முறையான வழியன்று என ஒதுக்கிவிட்டார். மாதந்தோறும் உறுதிசெய்யாவிடில் இரத்தாகும் அந்த இலவசப் பெயரை மட்டும் தவறாமல் புதுப்பித்துவருவதோடு, மகளின் காதுகுத்து அழைப்பிதழிலும் லயத்தின் இலக்கத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கிறார்.