இசட்ரேம் உரைமரபில் காலவழு: ஒரு சிற்றாய்வு

எறும்பு முதல் யானை வரை எல்லாவற்றின் மீதும் முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. மிச்சமிருப்பது லினக்ஸ் கெர்னலின் சுருக்கிய ஸ்வாப்பும் அதன் கையேடும்தான் என்று கண்டு இவ்வாய்வில் இறங்கினேன். ‘ஸ்வாப்’ என்பது ‘சுருட்டி வை’ என்பதன் திரிபே என நிறுவும் இயல் ஒன்றும் இதில் இருந்தது. வீட்டாரின் வேண்டுகோளுக்கு இணங்க அது நீக்கப்பட்டது.

முதலில் மூலம். ரேம் நிறைந்து வழியும்போது, கொஞ்ச நாளாக யாரும் தொடாத பக்கங்களைக் கெர்னல் வட்டுக்கு அனுப்பும். ஒரு பக்கம் என்பது பெரும்பாலும் 4096 பைட். வட்டோ ஆமை. பரணில் ஏற்றுவானேன், புடவையை இன்னும் சிறிதாக மடித்து அதே அலமாரியில் செருகினால் என்ன என்று யோசித்தார்கள். நிதின் குப்தா ‘காம்ப்கேஷ்’ என்று தொடங்கிய வேலை இசட்ரேம் ஆயிற்று. ‘ஸ்டேஜிங்’ என்னும் திண்ணையில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்துவிட்டு, 2014இல் 3.14ஆம் பதிப்பில் நடுவீட்டுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 3.11இல் இசட்ஸ்வாப் வந்துவிட்டது. இசட்ரேம் ரேமுக்குள் இருக்கும் போலி வட்டு. இசட்ஸ்வாப் நிஜ ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் இடைத்தட்டு. பக்கம் முழுவதும் ஒரே மதிப்பு நிரம்பிக் கிடந்தால் இசட்ரேம் அதைச் சுருக்கக்கூட மெனக்கெடாது, மதிப்பை மட்டும் குறித்துக்கொள்ளும். பத்திர எழுத்தர்கள் ‘மேற்படி’ என்று ஒரு சொல் போட்டு நாலு வரி மிச்சம்பிடிக்கும் அதே உத்தி.

இனி உரை, அதாவது கையேடு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை எழுதியது பல நூற்றாண்டுகள் கழித்து. அதற்குள் தொல்காப்பியர் எழுந்து வந்து இரண்டு நூற்பாவை அடித்துவிட்டு, மூன்றாவதைப் புதிதாகச் செருகிவிட்டுப் போகவில்லை. கெர்னலில் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை தொல்காப்பியர் எழுந்து வருகிறார். உரையாசிரியர் பாவம், என்ன செய்வார்? மூலத்தைத் திருத்தியவரே உரையையும் திருத்த வேண்டும் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு. திருமண வீட்டில் சாப்பிட்டவரே இலையை எடுக்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்புத்தான்.

‘நாளை வந்தான்’ என்று எழுதினால் காலவழு. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் கையேடும் காலவழுவே என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆனால் நம் இலக்கணிகள் கருணை உள்ளவர்கள். வழுவைக் கண்டதும் அடிக்க ஓங்கமாட்டார்கள். காரணம் இருந்தால் ‘வழுவமைதி’ என்று மன்னித்து உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். இசட்ரேம் கையேட்டில் இதற்கு இணையற்ற சான்று ஒன்று இருந்தது.

சாதனத்தை அமைக்கும் படிகளில் இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை சுருக்கும் தாரைகள் ஓடலாம் என்று எண் கொடுப்பதாக இருந்தது. ‘மேக்ஸ் காம்ப் ஸ்ட்ரீம்ஸ்’ என்பது அந்தக் கோப்பின் பெயர். 2016இல் இசட்ரேம், சிபியு ஒன்றுக்கு ஒரு தாரை என்று மாறிக்கொண்டது. அன்றோடு அந்தக் கோப்பு என்னும் கைப்பிடிக்கு வேலை போயிற்று. கைப்பிடி மட்டும் போகவில்லை. பழைய ஸ்கிரிப்டுகள் அதைத் தேடி வந்து ஏமாறக் கூடாதே! கையேடும் மாற்றப்பட்டது. எப்படி? தலைப்பு ‘எண்ணிக்கையை அமைக்கவும்’ என்றே இருந்தது. அதன் கீழே, நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் சிபியுவுக்கு ஒன்றுதான் என்று விளக்கம். மூலத்தை மறுத்து எழுதிய உரைகளைப் படித்திருக்கிறேன். தன் தலைப்பையே மறுத்த உரையை அங்குதான் கண்டேன்.

களப்பணியும் செய்தேன். இரண்டு சிபியு உள்ள என் பழைய மடிக்கணினியில் ஓரிரவு உட்கார்ந்து அந்தக் கோப்பில் 4 என்று எழுதினேன். பிழைச்செய்தி எதுவும் இல்லை, பணிவோடு வாங்கிக்கொண்டது. திருப்பிப் படித்தேன்: 2. ஒன்று என்று எழுதினேன். 2. ஆயிரம் என்று எழுதினேன். அதையும் அதே பணிவோடு வாங்கிக்கொண்டு 2 என்றது. எல்லாவற்றுக்கும் ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தன் போக்கில் பார்க்கும் குமாஸ்தாவை அலுவலக வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். கணினியில் அதுவே முதல்முறை. 2025இல் அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுக்கால வழுவமைதி முடிவுக்கு வந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதே ஆண்டு இன்னொரு துக்கமும் நடந்தது. இசட்ஸ்வாப் தான் சுருக்கிய பக்கங்களை மூட்டை மூட்டையாக அடுக்க ஆரம்பத்தில் ‘இசட்பட்’ என்பவரை நம்பியிருந்தது. ஒரு பக்கத்துக்குள் இரண்டு மூட்டை, அதற்கு மேல் ஏற்றமாட்டார். பிறகு இசட்3ஃபோல்டு வந்து மூன்று பேரை ஏற்றியது. இசட்எஸ்மாலாக்கோ ஷேர் ஆட்டோக்காரர். இண்டு இடுக்கெல்லாம் ஆள் ஏற்றுவார். கடைசியில் அவரே நிலைத்தார், முந்தைய இருவரும் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து இசட்பட்டைத் தேடுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

என் சொந்தப் பங்களிப்பையும் பதிவு செய்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் அமைப்புகளை எழுதிவைக்கும் நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது. அதில் ‘ஸ்வாப்பினஸ்: 0 முதல் 100 வரை’ என்று கண்டிருந்தது. கெர்னல் எவ்வளவு ஆர்வமாக ஸ்வாப் செய்யலாம் என்று சொல்லும் எண் அது. எழுதியபோது அந்த வரம்பு உண்மை. ஸ்வாப்புக்கு அனுப்பும் செலவும் கோப்புப் பக்கத்தைக் கைவிடும் செலவும் சமம் என்றால் 100. ஆனால் ஸ்வாப்பே ரேமுக்குள் இருக்கும்போது அது வட்டைவிட மலிவாயிற்றே! ஆகவே 2020இல் 5.8ஆம் பதிப்பில் உச்சவரம்பை 200 ஆக்கினார்கள். நான் நோட்டில் 100ஐ அடித்து 200 என்று எழுதினேன். எங்கள் இசட்ரேம் சர்வருக்கு 150 என்றும் குறித்தேன்.

மூத்தவர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“நூத்துக்கு நூத்தம்பதா? எந்த ஸ்கூல்ல தம்பி படிச்சே?”

கையேட்டைத் திறந்து காட்டினேன். முழுவதும் படித்தார். தலையையும் ஆட்டினார். மறுநாள் காலை நோட்டைப் பிரித்தால், என் 150ஐ அளவுகோல் வைத்து நேராக அடித்து, மேலே 100 என்று திருத்தி, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பமும் இட்டிருந்தார்.