சம்பளமில்லாத பெரட்டு

குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டீஸ் மலையேறப் போகிறவர்கள் விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற ஊர் அது. ஏற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான். நமது பிதுருதலாகலையோ 2,524 மீற்றர். இலங்கையில் அதற்கு மேல் ஏற மண் கிடையாது. ஆக, கண்டியில் இருந்துகொண்டு ஆண்டீஸுக்குப் பயிற்சி எடுக்கிறவர் நாட்டின் உச்சியிலேயே போய் நின்றாலும், பெட்டி வைக்கிற இடத்துக்கு இன்னும் ஏறக்குறைய 900 மீற்றர் கீழேதான் நிற்கிறார்.

இது எங்கள் குழுவின் கணித ஆசிரியர் போட்ட கணக்கு. குழு என்றால் வட்ஸ்அப் குழு. வங்கியில் வேலை செய்யும் மச்சான் தலைவர். தாதி அக்கா, பேராதனையில் படிக்கும் மருமகன், நான் ஆகியோர் உறுப்பினர்கள். பெருவில் இன்கா பாதையில் நாலு நாள் நடந்து மச்சு பிச்சுவைப் பார்ப்பது, பிறகு ஏதாவது மலைக்கிராமப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை பெயின்ட் அடித்துக்கொடுப்பது: இதுதான் திட்டம். எங்களில் ஒருவரும் சொந்த வீட்டுச் சுவருக்கே பெயின்ட் அடித்ததில்லை. அதற்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு பாஸ் வருவார். அவரையும் கூட்டிப் போனால் வேலை நல்லபடி முடியும் என்றேன். அவர் தொண்டு செய்ய மாட்டார், நாட்கூலி கேட்பார் என்று தலைவர் மறுத்துவிட்டார்.

ஆலோசனைக் கூட்டம் ஹந்தானையில், சித்தியின் லயத்து வாசலில் நடந்தது. சித்தி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். மச்சான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "பெரட்டு எத்தன மணிக்கு?" என்றார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிறதுதான் பெரட்டு.

"பெரட்டெல்லாம் இல்ல சித்தி. விடிய அஞ்சு மணிக்குக் கூடாரத்த விட்டுக் கெளம்பணும், அவ்வளவுதான்."

"சரி, சம்பளம்?"

"நாமதான் காசு கட்டணும்."

காய்ச்சல் இருக்கிறதா தொட்டுப் பார் என்பதுபோல் சித்தி தாதி அக்காவைப் பார்த்தார். "மழ புடிச்சு பாதியில எறங்கிட்டா? அரைப்பேரா?"

கொழுந்து எடை குறைந்தால் பாதிச் சம்பளம் போடுகிற அந்த ஏற்பாடு ஆண்டீஸில் உண்டா என்பது மச்சானின் கையேட்டில் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதிலும் அரைவாசிக்கு மேல் சுமைகாரரும் சமையல்காரரும் வழிகாட்டிகளும். சுமைகாரர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. "இருவது கிலோவுக்குச் சட்டமா?" என்று சித்தி தன் தோளைத் தடவிக்கொண்டார். ஒவ்வொரு பெப்ரவரியும் பாதையை மூடித் திருத்துகிறார்கள் என்றதும்தான் அவருக்குப் பெருவின் மேல் மரியாதை வந்தது. "பாதையத் திருத்துறாங்களா? அப்ப அவங்கள இங்க வரச் சொல்லுங்க, தொண்டு செய்ய. நம்ம ரோட்டக் காட்டுவோம்."

ஆண்டீஸிலிருந்து நமக்கு ஏற்கெனவே வந்ததும் கொஞ்சமில்லை. உருளைக்கிழங்கு அந்த மலைக்காரன்தான். கொயினா மருந்து தரும் சிங்கோனாவும் அப்படியே. 1861இல் ஹக்கலைப் பூங்காவைத் தொடங்கியதே அந்த மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி இலைநோயில் செத்தபோது துரைமார் கொஞ்ச காலம் அதன் பட்டையை உரித்துத்தான் பிழைத்தார்கள். சிங்கோனா பெருவின் அரச இலச்சினையிலும் இருக்கிறது. உங்கள் இலச்சினை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்று விசா விண்ணப்பத்தில் எழுதலாமா என்று மருமகன் கேட்டான். பரிசீலிக்கலாம் என்று குறித்துக்கொண்டோம்.

முன்னனுபவம் என்ற கட்டத்தை நிரப்புவதும் எங்களுக்குச் சிரமமில்லை. கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், அவர்கள் வந்த 200 வருஷ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் நடைபவனியும் போனது. அன்று வந்துசேர்ந்த செலவைக் கங்காணி கடனாக எழுதிக் கூலியில் கழித்துக்கொண்டார். நடக்கிறவனிடமே நடைக்குக் காசு வாங்கலாம் என்பது இன்றைய பயண முகவர்கள் கண்டுபிடித்ததல்ல.

விமானச் சீட்டின் விலை குழுவில் வந்து விழுந்த அன்று இரவு ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்தக் காசுக்கு ஆளுக்கொரு பழைய த்ரீவீல் வாங்கலாம். மறுநாள் மச்சான், "முதல்ல ஒத்திகை" என்றார். ஒத்திகைக்கு பீக்கோ நடைவழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துரைமார் காலத்துத் தேயிலைப் பாதைகளை இணைத்துத் தொடுத்த 300 கிலோமீற்றருக்கு மேலான வழி, 22 கட்டங்கள். ஹந்தானைத் தேயிலை நூதனசாலைப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. முதற்கட்டம் கலஹா வரை. வெள்ளைக்காரர்கள் இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு அதில் நடக்கிறார்கள். சித்தி அந்தப் பாதையில் பல காலம் போய்வந்தும் அதற்கொரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

கலஹாவுக்கா என்று கேட்டவர் உள்ளே போனார். வரும்போது ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்தார். கலஹாவில் இருக்கிற பெரியம்மாவிடம் கொடுத்துவிட வேண்டுமாம். சட்டப்படி 20 கிலோவுக்குள்தான் இருந்தது. மருமகன் கொஞ்ச தூரம், ஆசிரியர் கொஞ்ச தூரம், பிறகு நான், பிறகு மச்சான் என்று சுமந்தோம். சவுக்காரமும் உப்பும் பூசியிருந்தும் அட்டை விடவில்லை. தாதி அக்கா மட்டும் கைவீசி நடந்தார். அவசர சிகிச்சைக்கு ஒருவர் களைக்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எதிரே வந்த ஜேர்மன் தம்பதி பலாப்பழத்தோடு மச்சானைப் படம் எடுத்து, உள்ளூர்ச் சுமைகாரர் என்று நினைத்து நூறு ரூபாயும் கொடுத்தார்கள். தலைவர் வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா பழத்தை வாங்கித் தட்டிப் பார்த்தார். பிளேன்டி கொடுத்தார், கருப்பட்டி கொடுத்தார். குசினியிலிருந்து இரண்டு பூசணிக்காயையும் ஒரு பை உருளைக்கிழங்கையும் இழுத்து வந்து வாசலில் வைத்தார். "தங்கச்சிக்குக் குடுத்துருங்க. பஸ்ஸுல போனா நசுங்கிரும்னுதான் யோசிச்சேன். நல்லவேளையா நடந்துல்ல போறீங்க."