எரர் படிக்கத் தெரியாதவன்

பில்ட் உடைந்தால் திரையில் முதலில் என்ன வந்தது என்று நான் பார்ப்பதே இல்லை. கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். அங்கே 'மேக்' என்கிற பில்ட் கருவி தன் பாட்டுக்கு 'எரர் 2' என்று எழுதிவிட்டு ஒதுங்கியிருக்கும். அதை அப்படியே காப்பி பண்ணி, "இந்த எரர் வருது, யாராவது உதவுங்க" என்று ஊர் உலகத்தைக் கேட்பேன். உள்ளே ஓடிய இன்னொரு மேக் படுத்துவிட்டது என்பதைத் தவிர அந்த 'எரர் 2'க்கு வேறு அர்த்தம் கிடையாது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற நோயாளி நான். எங்கே வலிக்கிறது என்பது பல நூறு வரிகளுக்கு மேலே, நான் ஸ்க்ரோல் செய்யாத இடத்தில் கிடக்கும்.

ஜோகூர் மாநிலத்து ஸ்கூடாயில் கடை கண்ணிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி எங்களுடையது. கெட்டிக்காரர்கள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விட, மிச்சமிருந்தவர்களில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் 'கிரிப்டோ' என்ற மறையாக்க வேலை என் தலையில் விழுந்தது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2025 ஜனவரியில் 25 மில்லியனைத் தாண்டியவர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்வாய்ஸில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற மறையாக்க லைப்ரரி வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் கையெழுத்துச் சட்டம் அமலுக்கு வந்ததும் ஓப்பன்எஸ்எஸ்எல் பிறந்ததும் ஒரே வருடம், 1998. இரண்டையும் நான் திறந்து படித்தது அதற்கு வெகு காலம் கழித்து, வேறு வழியில்லாமல்.

முதல் அடி பி12 கோப்பில் விழுந்தது. சான்றிதழும் சாவியும் சேர்ந்த பொட்டலம் அது. பழைய சர்வரில் நானே செய்து வைத்தது. புது சர்வரில் திறக்கவில்லை. "பாஸ், அவங்க லைப்ரரியிலேயே கோளாறு" என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். அவரும் நம்பினார், பாவம். நடந்தது இதுதான்: 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பு, ஆர்சி2 மாதிரி கிழடுதட்டிய மறையாக்க முறைகளை 'லெகசி' என்ற தனி அறையில் போட்டுவிட்டது. நாம் கேட்டால் ஒழிய அந்த அறை திறக்காது. பழைய பதிப்போ, நான் எதுவும் சொல்லாததால், சான்றிதழை 40 பிட் ஆர்சி2-வில்தான் பூட்டியிருந்தது. கட்டளையோடு '-லெகசி' என்று சேர்த்துத் திறந்து, புதிய முறையில் மறுபடி பூட்டினால் வேலை முடிந்தது. ஆர்சி2-40 என்ற பெயர் எரர் செய்தியிலேயே பளிச்சென்று இருந்தது. "அண்ணே, கொஞ்சம் மேலே பாருங்க" என்று காட்டியவன் பயிற்சிக்கு வந்த தம்பி.

அதோடு விட்டேனா? பழைய சர்வரிலும் 3.0 இருக்கட்டும் என்று மூலநிரலை இறக்கி நானே கட்டினேன். 'மேக் டெஸ்ட்' ஓட நேரமாகும் என்று அதைத் தாண்டிவிட்டு இன்ஸ்டால் அடித்தேன். இப்போது ஒரே மெஷினில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல். கம்பைலர் ஹெடரை புதியதிலிருந்து எடுத்தது, லிங்கர் லைப்ரரியை பழைய 1.1.1-லிருந்து எடுத்தது. 3.0-வில் பல ஃபங்ஷன்களின் பெயரில் 'கெட்' என்ற சொல் நுழைந்திருக்கிறது. பழைய லைப்ரரிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று திரை நிரம்பி வழிந்தது. நான் கேட்ட இடத்தில் எல்லாம் திரும்பி வந்த கேள்வி ஒன்றுதான்: எந்த வெர்ஷன்? "லேட்டஸ்ட்" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை இன்று வாசித்தால் எனக்கே கூசுகிறது.

என் இன்னொரு பழக்கம், எச்சரிக்கை வந்தால் அதன் வாயை அடைப்பது. வார்னிங் காட்டுகிற வரியை கமென்ட் செய்துவிட்டால் திரை சுத்தமாகிவிடும், மனசும் லேசாகிவிடும். டெபியன் கதையைப் படிக்கும்வரை இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். 2006-இல் டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் கருவி முணுமுணுத்தது என்பதற்காக, ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வரிகளை எடுத்தார்கள். ஒன்றை எடுத்ததால் பாதகமில்லை. மற்றதுதான் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மை முழுவதையும் கலந்துவிடுகிற வரி. அது போனபின் மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். லினக்ஸில் வழக்கமாக அது 32,768-க்குள் அடங்கிவிடும். ஆக, ஒரே வகை, ஒரே நீளச் சாவி எத்தனை லட்சம் பேர் உருவாக்கினாலும் அந்த எண்ணிக்கைக்குள்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை உபுண்டு உட்பட எல்லாம் 'நன்றாகத்தான்' ஓடிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் அதை எடுத்தவர் லைப்ரரிக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். நான் யாரையும் கேட்பதே இல்லை. என் நிரலை உலகம் பயன்படுத்தாதது உலகத்தின் அதிர்ஷ்டம்.

கையெழுத்து செல்லாது என்று இன்வாய்ஸ்கள் திரும்பி வந்தபோதும் லைப்ரரியைத்தான் திட்டினேன். குற்றவாளி என் எடிட்டர். கோப்பின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புது வரியைச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு பைட் கூடினால் போதும், எஸ்எச்ஏ-256 ஹாஷ் தரும் 64 இலக்க விடையே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அது அப்படி மாறவேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள்.

நான் கேள்வி கேட்கிற நேரமும் அலாதி. ஜோகூரில் 2014 முதல் 2024 வரை வார விடுமுறை வெள்ளி, சனி. எங்கள் கம்பெனியும் அரசாங்கத்தைப் பார்த்து அப்படியே வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் உற்சாகமாகக் கேள்வி அனுப்புவேன். மற்ற உலகம் தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வரை பதில் வராவிட்டால், "யாருமே இல்லையா?" என்று ஒரு இடி இடிப்பேன். என்னமோ சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மாதிரி. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்து, ஒரு முறை கேட்டால் சர்வர் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை கொட்டும் என்று உலகமே அலறியபோதுதான் இன்னொரு சேதியும் வெளிவந்தது. பாதி இணையத்தைத் தாங்கிய அந்த லைப்ரரிக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். இதைத் தெரிந்துகொண்டே 'இடி' அனுப்பியவன் நான்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. உதவி கிடைத்து வேலை நடந்த பிறகு, "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் போட்டுவிட்டு நழுவியிருக்கிறேன். எப்படிச் சரியானது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அதே பி12-ஓடு மல்லுக்கட்டும் இன்னொருவருக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாகியிருக்கும். நீங்களாவது கேட்கும்போது வெர்ஷனையும், கட்டிய கட்டளையையும், முதலில் வந்த எரரையும் சேர்த்துப் போடுங்கள். சரியானதும் எதனால் சரியானது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.